அத்தியாயம் 4: வாளையார் வழியாக — ரயில் பலகை விளையாட்டின் விதிகளைக் கற்பது

பலகை விளையாட்டு ஒன்றின் விதிப் புத்தகத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உரக்க வாசித்துக் காட்டினால், கேட்பவர்களில் பாதிப்பேர் ஆட்டம் தொடங்கும் முன்பே சலித்துவிடுவார்கள். தாயத்தையும் பல்லாங்குழியையும் நாம் புத்தகம் பார்த்துக் கற்கவில்லை. பெரியவர்கள் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். பிறகு காயைக் கையில் வாங்கினோம். தவறாக வைத்தபோது திருத்தினார்கள், ஏன் தவறு என்றும் சொன்னார்கள். அந்த ‘ஏன்’தான் விதியை மனத்தில் நிறுத்தியது.

ரயில் விளையாட்டுகளுக்கு இந்த முறை இன்னும் நன்றாகப் பொருந்தும். அவற்றின் விதிகள் பலவற்றுக்கும் காரணம் நிஜத் தண்டவாளத்திலேயே கிடக்கிறது. ஆகவே இந்த அத்தியாயத்தில் அமெரிக்க வரைபடத்தையோ ஐரோப்பிய வரைபடத்தையோ விரிக்கப் போவதில்லை. நமக்குப் பழக்கமான கோவை–பாலக்காடு பகுதியை ஒரு சார்ட் அட்டையில் வரைந்து, ஒரு சீட்டுக்கட்டை வைத்துக்கொண்டு, வாளையார் வழியாக விதிகளைக் கற்போம். பிறகு கடையில் வாங்கிய பெட்டியைத் திறந்தால் உள்ளே எல்லாம் தெரிந்த முகமாகவே இருக்கும்.

எந்த விளையாட்டு?

‘டிக்கெட் டு ரைடு’. ஆலன் ஆர். மூன் வடிவமைக்க, டேஸ் ஆஃப் வொண்டர் நிறுவனம் 2004இல் வெளியிட்டது. அதே ஆண்டில் ‘ஷ்பீல் டெஸ் யாரெஸ்’ என்னும் ஜெர்மனியின் ஆண்டுச் சிறந்த விளையாட்டு விருதைப் பெற்றது. முதல் பதிப்பின் பலகை வட அமெரிக்கா. 2005இல் ஐரோப்பியப் பதிப்பு வந்தது. 2011இல் வந்த ஒரு கூடுதல் பலகையின் ஒரு பக்கத்தில் இந்தியா இருக்கிறது, 1911ஆம் ஆண்டின் இந்தியா. அதை வடிவமைத்தவர் இயன் வின்சென்ட்.

8 வயதுக்கு மேற்பட்ட யாரும் ஆடலாம். மூலப் பதிப்பில் 2 முதல் 5 பேர் வரை ஆடுவார்கள். தாயக்கட்டை கிடையாது. அதிர்ஷ்டம் சீட்டில் மட்டும் கொஞ்சம் உண்டு, மற்றதெல்லாம் நீங்கள் எடுக்கும் முடிவு.

ஆட்டத்தின் நோக்கத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: ஒரே நிறச் சீட்டுகளைச் சேர்த்து, ஊர்களுக்கு இடையே உள்ள பாதைகளைப் பிடித்து, உங்கள் கையில் இருக்கும் டிக்கெட்டில் எழுதிய இரண்டு ஊர்களையும் இணைக்க வேண்டும். யாருக்குக் கற்றுக்கொடுத்தாலும் இந்த வாக்கியத்தில் தொடங்குங்கள். எதற்காக ஆடுகிறோம் என்பது தெரியாதவருக்கு எப்படி ஆடுவது என்பது மனத்தில் தங்காது.

ஏன் வாளையார்?

மேற்குத் தொடர்ச்சி மலை நீளமாகக் கிடக்கிறது. அதில் அகலமாகத் திறந்திருக்கும் இடம் பாலக்காட்டுக் கணவாய், ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் வரை அகலம். காற்றும் வணிகமும் அந்த வழியாகத்தான் போய்வந்தன. ரயிலும் அதையே தேடி வந்தது. மெட்ராஸ் ரயில்வே கம்பெனி 1856இல் ராயபுரத்திலிருந்து தொடங்கிய பாதை மேற்குக் கடற்கரையை நோக்கி நீண்டது. கடற்கரைப் பக்கம் 1861இல் திரூர்–பேப்பூர் பகுதி திறக்கப்பட்டது. 1862இல் போத்தனூர்–பட்டாம்பி பகுதியும் திறக்கப்பட்டு, கணவாயின் இரண்டு பக்கமும் இணைந்தன. அந்தப் பாதையில், இன்றைய தமிழக எல்லையைத் தாண்டியதும் வரும் முதல் கேரள நிலையம் வாளையார்.

நமக்குத் தேவையான மூன்று பாடங்கள் இந்த வட்டாரத்திலேயே இருக்கின்றன. போத்தனூரிலிருந்து பாலக்காட்டுக்கு வாளையார் வழியே போகலாம், பொள்ளாச்சியைச் சுற்றியும் போகலாம். வாளையார்ப் பகுதியில் அருகருகே இரண்டு தண்டவாளப் பாதைகள் ஓடுகின்றன. தெற்கே போடியோடு பாதை முடிந்துவிடுகிறது, அதற்கு அப்பால் இடுக்கி மலை. மாற்றுவழி, இரட்டைப் பாதை, முட்டுப்பாதை ஆகிய இந்த மூன்றும் புரிந்தால் விளையாட்டின் நெஞ்சே புரிந்த மாதிரி.

பயிற்சிப் பலகையைத் தயார் செய்தல்

தேவையானவை: ஒரு சார்ட் அட்டை, ஜோக்கர் இரண்டும் சேர்ந்த ஒரு சீட்டுக்கட்டு, 12 துண்டு அட்டைகள், பேனா. ரயில் பெட்டிகளுக்குப் பதிலாக ஒருவருக்குப் புளியங்கொட்டை, ஒருவருக்கு மொச்சைக்கொட்டை, ஒருவருக்குக் கொண்டைக்கடலை. மூவர் ஆடினால் ஆளுக்கு 12 காய், இருவர் என்றால் 15.

சார்ட்டில் 14 ஊர்களை அவற்றின் திசைப்படி குறியுங்கள்: ஈரோடு, கரூர், மேட்டுப்பாளையம், போத்தனூர், வாளையார், பாலக்காடு, ஷொர்ணூர், கோழிக்கோடு, எர்ணாகுளம், பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல், மதுரை, போடி. கீழ்க்கண்டபடி ஊர்களுக்கு இடையே கட்டங்கள் போடுங்கள். நிஜ தூரத்தைத் தோராயமாக 20 கிலோமீட்டருக்கு ஒரு கட்டம் என்று வைத்திருக்கிறேன்.

சாம்பல் நிறப் பாதைகள்:
- போத்தனூர்–வாளையார்: 1 கட்டம், இரட்டைப் பாதை
- வாளையார்–பாலக்காடு: 1 கட்டம், இரட்டைப் பாதை
- பாலக்காடு–ஷொர்ணூர்: 2
- போத்தனூர்–பொள்ளாச்சி: 2
- போத்தனூர்–மேட்டுப்பாளையம்: 2

ஆட்டின்:
- ஈரோடு–போத்தனூர்: 5
- பொள்ளாச்சி–பாலக்காடு: 3
- பொள்ளாச்சி–பழனி: 3

கிளாவர்:
- ஈரோடு–கரூர்: 3
- மதுரை–போடி: 5

டைமண்ட்:
- கரூர்–திண்டுக்கல்: 4
- ஷொர்ணூர்–எர்ணாகுளம்: 5

இஸ்பேட்:
- பழனி–திண்டுக்கல்: 3
- திண்டுக்கல்–மதுரை: 3
- ஷொர்ணூர்–கோழிக்கோடு: 4

சீட்டுக்கட்டில் எண்ணைப் பார்க்க வேண்டாம், சின்னம் மட்டுமே நிறம். நான்கு ஏஸும் இரண்டு ஜோக்கரும் இன்ஜின் சீட்டுகள். ஏஸை எடுத்த பிறகு ஒவ்வொரு சின்னத்திலும் 12 சீட்டுகள் இருக்கும். மூல விளையாட்டிலும் ஒரு நிறத்துக்கு 12 சீட்டுகள்தான். அங்கே 8 நிறங்களும் 14 இன்ஜின்களுமாக மொத்தம் 110 சீட்டுகள்.

துண்டு அட்டைகளில் டிக்கெட்டுகளை எழுதுங்கள். மிகக் குறுகிய வழியில் எத்தனை கட்டமோ அதுவே அந்த டிக்கெட்டின் புள்ளி.

- போத்தனூர்–ஷொர்ணூர்: 4
- மேட்டுப்பாளையம்–பாலக்காடு: 4
- பொள்ளாச்சி–ஷொர்ணூர்: 5
- பழனி–பாலக்காடு: 6
- ஈரோடு–பாலக்காடு: 7
- ஈரோடு–திண்டுக்கல்: 7
- கரூர்–மதுரை: 7
- மேட்டுப்பாளையம்–பழனி: 7
- எர்ணாகுளம்–வாளையார்: 8
- போடி–திண்டுக்கல்: 8
- கோழிக்கோடு–பொள்ளாச்சி: 9
- மதுரை–பொள்ளாச்சி: 9

தொடக்கம்

சீட்டுகளைக் கலைத்து ஆளுக்கு 4 கொடுங்கள். மீதியைக் கட்டாகக் கவிழ்த்து வைத்து, அதிலிருந்து 5 சீட்டுகளை எடுத்து எல்லோரும் பார்க்கும்படி பக்கத்தில் விரியுங்கள். அந்த ஐந்தில் மூன்று இன்ஜின் வந்துவிட்டால் ஐந்தையும் ஒதுக்கிவிட்டுப் புதிதாக 5 விரிக்க வேண்டும். ஆட்டத்தின் நடுவிலும் இதே விதிதான்.

பிறகு ஆளுக்கு 2 டிக்கெட். இரண்டையும் வைத்துக்கொள்ளலாம், ஒன்றைத் திருப்பியும் கொடுக்கலாம். மூல விளையாட்டில் 3 டிக்கெட் தருவார்கள், குறைந்தது 2 வைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் டிக்கெட்டை மற்றவருக்குக் காட்டாதீர்கள். நீங்கள் எங்கே போகப் போகிறீர்கள் என்பது தெரிந்தால் வழியை அடைத்துவிடுவார்கள்.

ஒரு முறையில் ஒரே வேலை

உங்கள் முறை வரும்போது மூன்றில் ஒன்றை மட்டுமே செய்யலாம்.

*ஒன்று, சீட்டு எடுப்பது.* இரண்டு சீட்டு எடுக்கலாம். விரித்த ஐந்திலிருந்தோ, கவிழ்த்த கட்டிலிருந்தோ, ஒன்று இங்கும் ஒன்று அங்குமாகவோ எடுக்கலாம். விரித்ததில் ஒன்றை எடுத்ததும் அந்த இடத்தைக் கட்டிலிருந்து உடனே நிரப்ப வேண்டும். விரித்ததில் இருக்கும் இன்ஜினை எடுத்தால் அந்த முறைக்கு அந்த ஒரு சீட்டு மட்டும்தான். முதலில் சாதாரணச் சீட்டு ஒன்றை எடுத்துவிட்டால் இரண்டாவதாக விரித்த இன்ஜினைத் தொடக் கூடாது. கட்டிலிருந்து கண்ணை மூடி எடுத்தது இன்ஜினாக இருந்தால் அது உங்கள் யோகம், இன்னொரு சீட்டும் எடுக்கலாம். இன்ஜின் எந்த நிறத்துக்கும் ஈடு. எந்தப் பெட்டியையும் இழுக்கும் வண்டி அது என்பதால் அதன் விலையும் அதிகம். இந்தக் காரணத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் விதி தானாக நினைவில் நிற்கும்.

*இரண்டு, பாதை பிடிப்பது.* ஒரு பாதையில் எத்தனை கட்டமோ அத்தனை சீட்டு, அந்தப் பாதையின் நிறத்தில் போட வேண்டும். குறைவதற்கு இன்ஜின் சேர்க்கலாம். சாம்பல் பாதைக்கு எந்த நிறமும் செல்லும், ஆனால் போடுவதெல்லாம் ஒரே நிறமாக இருக்க வேண்டும். போத்தனூர்–பொள்ளாச்சிக்கு இரண்டு கிளாவர் போடலாம், ஒரு கிளாவரும் ஒரு டைமண்டும் போட முடியாது. போட்ட சீட்டுகளை ஒதுக்கிவிட்டு, கட்டத்துக்கு ஒரு காய் வைத்துப் புள்ளியை உடனே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு முறையில் ஒரே பாதைதான். முந்தைய பாதையை ஒட்டித்தான் அடுத்ததைப் பிடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மெட்ராஸ்காரர்களும் அப்படித்தான் செய்தார்கள்: ராயபுரத்திலிருந்து ஒரு துண்டு, பேப்பூர்ப் பக்கம் ஒரு துண்டு, பிறகு நடுவே இணைப்பு.

*மூன்று, புது டிக்கெட் எடுப்பது.* பயிற்சிப் பலகையில் 2 எடுத்துக் குறைந்தது 1 வைத்துக்கொள்ளுங்கள். மூலத்தில் 3 எடுத்துக் குறைந்தது 1.

நீளமான பாதைக்கு ஏன் இவ்வளவு புள்ளி?

ஒவ்வொரு பாதைக்கும் உரிய புள்ளி இது:
- 1 கட்டம்: 1 புள்ளி
- 2 கட்டம்: 2
- 3 கட்டம்: 4
- 4 கட்டம்: 7
- 5 கட்டம்: 10
- 6 கட்டம்: 15

5 கட்டப் பாதை ஒன்றைப் பிடித்தால் 10 புள்ளி. அதே ஐந்து காயையும் தனித்தனி ஒற்றைக் கட்டங்களில் வைத்தால் 5 தான். ஒரே நிறத்தில் ஐந்து சீட்டு சேரும்வரை காத்திருப்பது கடினம், காத்திருக்கும்போது வேறொருவர் முந்தலாம். அந்தப் பொறுமைக்கும் துணிச்சலுக்கும் தரப்படும் கூலிதான் கூடுதல் புள்ளி. சின்னப் பாதைகளின் மதிப்பு புள்ளியில் இல்லை, அவை இருக்கும் இடத்தில் இருக்கிறது. வாளையார் அதற்குச் சரியான சான்று.

இரட்டைப் பாதை

வாளையாருக்கும் எட்டிமடைக்கும் இடையே ரயில் ‘ஏ’, ‘பி’ என்று இரண்டு பாதைகளில் ஓடுகிறது. நம் பலகையிலும் அங்கே இரண்டு வரிசைக் கட்டங்கள் போட்டிருக்கிறோம். இதற்கு இரண்டு விதிகள். ஒருவரே இரண்டு வரிசையையும் பிடிக்கக் கூடாது. இருவரோ மூவரோ ஆடும்போது, ஒரு வரிசையை ஒருவர் பிடித்ததும் மற்றதும் மூடிக்கொள்ளும். நான்கு பேரோ அதற்கு மேலோ ஆடினால்தான் இரண்டாவது வரிசை இன்னொருவருக்குத் திறந்திருக்கும்.

காரணம் எளிது. ஆட்கள் குறைவாக இருக்கும்போது எல்லா வழியும் திறந்து கிடந்தால் யாரும் யாரையும் நெருக்க மாட்டார்கள், ஆட்டம் சப்பென்று போய்விடும். கூட்டம் பெருகும்போது இரண்டாவது தண்டவாளம் தேவைப்படுகிறது. நிஜ ரயிலிலும் வண்டிகள் பெருகிய இடங்களில்தான் இரட்டைப் பாதை போடுகிறார்கள்.

மூவர் ஆடும் ஒரு மாதிரி ஆட்டம்

அப்பச்சி, அக்கா, தம்பி மூவரும் ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அக்காவிடம் இரண்டு டிக்கெட்: ஈரோடு–பாலக்காடு, பொள்ளாச்சி–ஷொர்ணூர். தம்பியிடம் மேட்டுப்பாளையம்–பாலக்காடு, மேட்டுப்பாளையம்–பழனி. அப்பச்சி போடி–திண்டுக்கல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

முதல் முறையிலேயே அக்கா ஒரு கிளாவரைப் போட்டு வாளையார்–பாலக்காடு பாதையில் ஒரு காயை வைக்கிறாள். ஒரு புள்ளி.

“ஏன்க்கா, ஒரே ஒரு புள்ளிக்குப் போயி ஒரு சான்ஸை வீணாக்கறே?”

“அவ புள்ளிக்குப் போடலை கண்ணு,” என்கிறார் அப்பச்சி. “நாம மூணு பேருதான் ஆடறோம். அந்தப் பக்கத்து வரிசையும் மூடிப்போச்சு. இனி பாலக்காடு போகோணும்னா பொள்ளாச்சியைச் சுத்தித்தான் போகோணும்.”

தம்பியின் கணக்கு மாறிவிட்டது. வாளையார் வழியே 4 கட்டத்தில் முடியவேண்டிய மேட்டுப்பாளையம்–பாலக்காடு டிக்கெட்டுக்கு இப்போது 2, 2, 3 என்று 7 கட்டம் வேண்டும். காயும் கூட, முறையும் கூட. ஆனாலும் அவன் நஷ்டப்பட்டுவிடவில்லை. வாளையார் வழியில் பாதைப் புள்ளி 4 கிடைத்திருக்கும், பொள்ளாச்சி வழியில் 8 கிடைக்கும். போதாததற்கு, பழனி டிக்கெட்டுக்கும் அவன் பொள்ளாச்சி போயாக வேண்டும். வழி அடைபட்டால் டிக்கெட்டைக் கைவிடுவதற்கு முன், சுற்றுவழியில் என்ன கிடைக்கிறது என்று எண்ணிப் பார்க்கப் பழக்குங்கள்.

அப்பச்சி அவசரப்படவில்லை. மதுரை–போடி முட்டுப்பாதை. போடி டிக்கெட் இல்லாதவருக்கு அங்கே போகக் காரணம் குறைவு. அதனால் முதலில் பலருக்கும் பயன்படும் திண்டுக்கல்–மதுரையைப் பிடித்துவிட்டு, கிளாவர் ஐந்து சேரும்வரை காத்திருந்து போடியைப் பிடிக்கிறார். நெரிசலான இடத்தை முதலில், ஒதுக்குப்புறத்தைப் பிறகு என்பது இந்த விளையாட்டின் அடிப்படைத் தந்திரம்.

ஆட்டம் முடிவது

ஒருவரது முறை முடியும்போது அவர் கையில் 2 அல்லது அதற்கும் குறைவான காய் மீந்தால், அவர் உட்பட எல்லோருக்கும் இன்னும் ஒரே ஒரு முறை. அதோடு ஆட்டம் முடிந்தது. மூல விளையாட்டிலும் இதே விதி. அங்கே ஆளுக்கு 45 பெட்டிகள்.

இப்போது டிக்கெட்டுகளைத் திறந்து காட்ட வேண்டும். இணைத்த டிக்கெட்டின் புள்ளி கூடும், இணைக்காததன் புள்ளி கழியும். அறுபடாமல் மிக நீளமாகப் போகும் பாதை யாருடையதோ அவருக்கு மூலத்தில் 10 புள்ளி. நம் சின்னப் பலகையில் 5 போதும். அந்தப் பாதை ஓர் ஊரை எத்தனை முறையும் கடக்கலாம், ஆனால் ஒரு காயை ஒரு முறைதான் எண்ண வேண்டும்.

நம் மாதிரி ஆட்டத்தின் கணக்கு:

- அக்கா: வாளையார்–பாலக்காடு 1, போத்தனூர்–வாளையார் 1, ஈரோடு–போத்தனூர் 10, பாலக்காடு–ஷொர்ணூர் 2. பாதைப் புள்ளி 14. ஈரோடு–பாலக்காடு டிக்கெட் 7 கூட்டினால் 21. பொள்ளாச்சிக்குப் போகும் மூன்று பாதையையும் தம்பி பிடித்துவிட்டதால் பொள்ளாச்சி–ஷொர்ணூர் நிறைவேறவில்லை, 5 கழித்தால் 16. ஈரோட்டிலிருந்து ஷொர்ணூர் வரை 9 கட்ட நீளப் பாதைக்கு 5 கூட்டினால் 21.
- தம்பி: மேட்டுப்பாளையம்–போத்தனூர் 2, போத்தனூர்–பொள்ளாச்சி 2, பொள்ளாச்சி–பாலக்காடு 4, பொள்ளாச்சி–பழனி 4. பாதைப் புள்ளி 12. இரண்டு டிக்கெட்டும் நிறைவேறியதால் 4, 7 கூட்டி 23.
- அப்பச்சி: திண்டுக்கல்–மதுரை 4, மதுரை–போடி 10. பாதைப் புள்ளி 14. டிக்கெட் 8 சேர்த்து 22.

தம்பி வென்றான். அக்கா அந்த இரண்டாவது டிக்கெட்டைத் தொடக்கத்திலேயே திருப்பிக் கொடுத்திருந்தால் 26 புள்ளியோடு அவளே வென்றிருப்பாள். டிக்கெட் எடுப்பது கடன் வாங்குவதுதான், அடைக்க வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இந்தக் கணக்கை எல்லோரும் பார்க்க, பலகையின் மேலேயே விரல் வைத்துக் காட்டுங்கள். கழித்தல் விதி அதற்குப் பிறகு யாருக்கும் மறக்காது.

அடுத்த படி: மூன்று கூடுதல் விதிகள்

இரண்டு ஆட்டம் முடிந்த பிறகு இவற்றை ஒவ்வொன்றாகச் சேருங்கள். மூன்றையும் ஒரே நாளில் சேர்க்க வேண்டாம்.

*இரு வழி போனஸ்.* இந்தியப் பலகையின் சிறப்பு விதி இது. ஒரு டிக்கெட்டின் இரண்டு ஊர்களையும் இரண்டு தனித்தனி வழிகளில் இணைத்தால் கூடுதல் புள்ளி. ஒரு காயைக்கூட இரண்டு வழிக்கும் பொதுவாகக் கணக்கிடக் கூடாது. அப்படி எத்தனை டிக்கெட்டை இணைத்தீர்கள் என்பதைப் பொறுத்து போனஸ் ஏறும். இதற்கு நம் வட்டாரமே விளக்கம். போத்தனூரிலிருந்து பாலக்காட்டுக்கு 1862 முதல் வாளையார் வழி இருக்கிறது. 1915இல் போத்தனூர்–பொள்ளாச்சியும், 1932இல் பொள்ளாச்சி–பாலக்காடும் மீட்டர் கேஜில் வந்து இரண்டாவது வழி உண்டானது. பொள்ளாச்சி–பாலக்காடு பகுதி அகலப் பாதையாகி 2015இல் மீண்டும் திறக்கப்பட்டது. ஒரு வழியில் தடங்கல் வந்தால் இன்னொன்று கைகொடுக்கும் என்பதால்தான் ரயில்வேக்கு இது முக்கியம். பயிற்சிக்காக ‘போத்தனூர்–பாலக்காடு, 2 புள்ளி’ என்று ஒரு டிக்கெட் சேர்த்து, இரு வழியிலும் இணைத்தால் 5 புள்ளி போனஸ் என்று ஆடிப் பாருங்கள்.

*காட்டு விதி.* ஐரோப்பியப் பதிப்பில் சுரங்கப் பாதைக்கு உரிய விதியை நாம் வாளையாருக்குப் பயன்படுத்தலாம். போத்தனூர்–வாளையார் பாதைக்குச் சீட்டு போட்டதும், கட்டின் மேலிருந்து 3 சீட்டைத் திறக்க வேண்டும். நீங்கள் போட்ட நிறமோ இன்ஜினோ அதில் எத்தனை வந்ததோ, அத்தனை சீட்டு நீங்கள் அதே நிறத்திலோ இன்ஜினாகவோ கூடுதலாகப் போட வேண்டும். இல்லாவிட்டால் போட்டதைத் திரும்ப எடுத்துக்கொண்டு அந்த முறையை இழக்க வேண்டும். கைவசம் இரண்டு சீட்டு மிச்சம் வைத்துக்கொண்டு போவதே புத்திசாலித்தனம்.

இந்த இடத்தில் குழந்தைகளிடம் நிஜத்தையும் சொல்லுங்கள். ‘பி’ பாதை காட்டுக்குள் அதிகம் நுழைகிறது, யானைகள் அதைக் கடக்கின்றன. 2021 நவம்பர் 26 இரவு நவக்கரை அருகே மங்களூரு–சென்னை எக்ஸ்பிரஸ் மோதி மூன்று யானைகள் இறந்தன. அதன் பிறகு யானைகள் கடக்கத் தண்டவாளத்துக்கு அடியில் வழிகள் அமைத்திருக்கிறார்கள். 2024 பிப்ரவரியிலிருந்து மதுக்கரைப் பகுதியில் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் யானை நடமாட்டத்தைக் கண்டு எச்சரிக்கின்றன. அங்கே ரயில் வேகத்தைக் குறைத்துப் போவது நியாயம். பலகையில் அந்தப் பாதைக்குக் கூடுதல் சீட்டு கேட்பதும் நியாயம்.

*இன்ஜின் கட்டாயப் பாதை.* ஐரோப்பியப் பதிப்பிலும் இந்தியப் பலகையிலும் கடலைக் கடக்கும் பாதைகள் உண்டு. அவற்றில் இன்ஜின் படம் போட்ட கட்டம் ஒவ்வொன்றுக்கும் ஓர் இன்ஜின் சீட்டு தந்தே ஆக வேண்டும். நமக்குக் கடல் வேண்டாம், மலை இருக்கிறது. இடுக்கி மாவட்டத்தில் இன்று ரயில் பாதையே கிடையாது. ஆனால் 1902இல் மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908இல் அது குறும்பாதை ரயிலானது. தேயிலை டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து கம்பிவட ஊர்தியில் கொட்டகுடிக்கு இறங்கிப் போடிக்குப் போனது. 1924 வெள்ளம் அந்தக் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலை அடித்துக்கொண்டு போனது. அதை உங்கள் பலகையில் மீட்டெடுங்கள்: போடி–மூணாறு, 3 கட்டம், சாம்பல், அதில் ஒன்று இன்ஜின் கட்டம். கூடவே ‘மூணாறு–மதுரை, 8 புள்ளி’ என்று ஒரு டிக்கெட். முட்டுப்பாதையாக இருந்த போடி சட்டென்று போட்டிக்குரிய ஊராகிவிடும். ஒரே ஒரு பாதை சேர்ந்தால் வரைபடம் முழுவதன் மதிப்பும் எப்படி மாறுகிறது என்பதை இதைவிட நன்றாகக் காட்ட முடியாது.

கற்றுக்கொடுப்பவருக்கு

முதல் ஆட்டத்தில் எல்லோரும் சீட்டைத் திறந்து வைத்தே ஆடட்டும். டிக்கெட்டையும் மறைக்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் இருக்கும் மூன்று வழிகளையும் அவர்களே வாயால் சொல்லட்டும், முடிவையும் அவர்களே எடுக்கட்டும். “இப்படிப் போட்டிருக்கலாம்” என்று நடுவில் திருத்தாதீர்கள். விதி மீறினால் மட்டும் நிறுத்துங்கள், காரணத்தோடு சொல்லுங்கள். கற்றுக்கொடுப்பவர் முதல் ஆட்டத்தில் வெல்ல முயலவே கூடாது.

விதியில் சண்டை வந்தால் விளையாட்டுப் பெட்டியில் உள்ள புத்தகமே தீர்ப்பு. அதைப் பிரித்துப் பார்த்து, எல்லோருக்கும் வாசித்துக் காட்டிவிட்டுத் தொடருங்கள். ஆட்டத்தின் நடுவில் புது விதி சேர்க்காதீர்கள். சேர்க்க வேண்டுமென்றால் அடுத்த ஆட்டத்துக்கு முன் எல்லோரும் ஒப்புக்கொண்டு சேருங்கள்.

பெட்டியைத் திறக்கும் முன் ஒரு சோதனை

இந்த ஐந்துக்கும் ஆடுபவர் தயங்காமல் பதில் சொன்னால் அவர் தயார்.

1. விரித்ததிலிருந்து ஒரு டைமண்ட் எடுத்தாயிற்று. பக்கத்தில் இன்ஜின் இருக்கிறது. எடுக்கலாமா? — கூடாது. வேறு சாதாரணச் சீட்டோ கட்டிலிருந்தோதான்.
2. பாலக்காடு–ஷொர்ணூருக்கு ஓர் இஸ்பேடும் ஓர் இன்ஜினும் போடலாமா? — போடலாம்.
3. மூவர் ஆடுகிறோம். வாளையார்–பாலக்காட்டில் ஒரு வரிசையை ஒருவர் பிடித்துவிட்டார். மற்றது எனக்குக் கிடைக்குமா? — கிடைக்காது.
4. ஈரோட்டில் ஒரு பாதையும் எர்ணாகுளத்தில் ஒரு பாதையும் பிடித்திருக்கிறேன். இடையில் ஒன்றும் இல்லை. சரியா? — சரி. கடைசிக்குள் இணைந்தால் போதும்.
5. என் கையில் 2 காய் மீந்தது. ஆட்டம் உடனே நின்றுவிடுமா? — இல்லை. நான் உட்பட எல்லோருக்கும் இன்னும் ஒரு முறை உண்டு.

ஒருவர் ஏதாவது ஒன்றில் தடுமாறினால் விதியைத் திரும்பச் சொல்லாதீர்கள். சார்ட்டை விரித்து, அந்தப் பாதையில் காயை வைத்து ஆடிக் காட்டுங்கள். காரணம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால், எந்த நாட்டு வரைபடத்தை விரித்தாலும் அவர் தானாகவே ஆடிவிடுவார்.